கண்ணா வெட்டலாம்

ஒரு மரத்தின் பெயரைத் தவறாகக் காதில் வாங்கி, இன்னொருவருடைய வயலைக் களப்புக்குத் தின்னக் கொடுக்கப் பார்த்தவன் நான். இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் முள்ளியவளைப் பக்கம் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். ஒரு விதத்தில் நான் முந்நூறு மரம் வெட்டியிருக்கிறேன். இன்னொரு விதத்தில் என் மனைவி என்னை மண்வெட்டியால் அடித்திருக்கிறாள். வெட்டியது அறுபது, அறுபத்தைந்து மரம்தான். மண்வெட்டி விஷயம் முழுப் பொய். அவள் தூக்கினாள், அவ்வளவுதான்.

நாங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். மலையை விட்டு வன்னிக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. ஏன் வந்தோம் என்று எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் கலவரம் என்ற ஒரே பதில்தான் வரும், அதனால் அதை விடுகிறேன். வந்த இடத்தில் காடு வெட்டினோம், கச்சான் கடலை போட்டோம், மலேரியாவில் படுத்தோம், எழும்பினோம். கடைசியில் முள்ளியவளையிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரம் கிழக்கே போனால் வரும் களப்புக் கரையில், ஒரு வயல்காரரிடம் வாரத்துக்கு வயல் செய்ய வந்து சேர்ந்தோம். விளைவதில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு.

களப்பு என்றால் கடலோடு ஒரே ஒரு வாயால் தொட்டுக்கொண்டு கிடக்கும் பெரிய உப்புத் தண்ணீர். வயல்காரருக்கும் அதற்கும் ஆகாது. அவர் யாழ்ப்பாணத்தவர், இளந்தாரியாகக் குடியேற்றத் திட்டத்தில் குளத்தடிக் காணி கிடைத்து வந்தவர். குளம், வாய்க்கால், மடை என்று எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார். களப்போரத்து வயல் மட்டும் மனைவி வழியில் வந்தது. மனைவி காலமான பிறகு அதை விற்கவும் மனமில்லை, நம்பவும் மனமில்லை. களப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் பிடிக்காத மருமகனைப் பற்றிக் கேட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

அந்த வயலில் இரண்டு தட்டு. மேல் வயல், அதன் கீழே கீழ் வயல். கீழ் வயலின் ஓரத்தில் ஒரு மண் அணை. அதை உவர் வரம்பு என்பார்கள். அணைக்கு அந்தப் பக்கம் மரங்கள் ஒரு வரிசை. அதற்கும் அந்தப் பக்கம் களப்பு.

நான் சொல்வது யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சனம் சண்டையில் மொத்தமாக இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்ததற்கு அடுத்த ஆவணி. அண்ணன் வீட்டில் மட்டும் சொந்தக்காரர் பதினொரு பேர். போன போகத்து நெல் எல்லாம் சோறாகிவிட்டது. பொருளாதாரத் தடையால் யூரியா வன்னிக்குள் வராத காலம், ஆகவே புது இன நெல்லைப் போட்டுப் பயனில்லை. உரம் கேட்காமல் உயரமாக வளரும் மொட்டைக்கறுப்பன் விதை கொஞ்சம் அவரிடம் மிஞ்சியிருந்தது. அது கீழ் வயலுக்கு மட்டும்தான் போதும். உரமில்லாமல் விளையும் கொழுத்த மண்ணும் அங்கேதான், அதனால் மேல் வயலைச் சும்மா விட்டார். கீழ் வயல் விளைந்தால் அடுத்த வருடம் இரண்டு வயலுக்கும் விதை, இரண்டு வீட்டுக்கும் சோறு. விளையாவிட்டால் இரண்டும் இல்லை. விதைச் சாக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு இதை எனக்குச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். தலை ஆட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

வயலுக்கு மேற்கே ஒரு தென்னங்காணியில் இடம்பெயர்ந்து வந்த பத்துப் பதினைந்து குடும்பங்கள் மரத்தடியில் இருந்தன. கொட்டில் போட ஓலை இருந்தது, கம்பு இல்லை. வன்னியில் கம்புக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். காடு இருந்தது. காட்டிலிருந்து ஏற்றிவர உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் இல்லை. மழைக்கு இன்னும் இரண்டு மாதம். நானும் ஒரு காலத்தில் உரச் சாக்கைக் கூரையாகப் போட்டுப் படுத்தவன். அந்தப் பக்கம் சைக்கிளில் போகும்போதெல்லாம் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போக எனக்கு முடியவில்லை.

உவர் வரம்புக்கு முன்னால் தண்ணீரில் நின்ற மரங்கள் அப்போதுதான் என் கண்ணில் பட்டன. நண்டு மாதிரிப் பல காலில் நிற்கிற மரங்கள். நேரான கம்பு, நல்ல வைரம், கைக்கெட்டும் தூரம். பெயர் தெரியாது. தேயிலை, சவுக்கு, முள்முருங்கை என்ற மூன்றோடு என் மரப் படிப்பு முடிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து நண்டு பிடிக்கிற பெண் ஒருவர் தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தார். களப்பின் தெற்குக் கரைக் குடியிருப்பைச் சேர்ந்தவர். இடுப்பில் கட்டிய கயிற்றில் நண்டுக் கூடையை மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு போவார். என் வயதுதான் இருக்கும். குரல் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். அவர் இந்தக் கரையில் யாரையாவது ஏசினால் அந்தக் கரையில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான்.

"அக்கா! இந்தக் கரையில மரம் வெட்டலாமாங்க? கொட்டில் போடக் கம்பு வேணும்" என்று கேட்டேன். கையை இப்படி அப்படி வீசிக் கரை முழுவதையும் காட்டினேன்.

"ஆர் அக்கா? உமக்கென்ன பத்து வயசோ?" என்று அதட்டினார். பிறகு தென்னங்காணிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "கண்ணா வெட்டலாம்" என்றார். கூடையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஆட்கள் பேச்சில் கண்ணா என்றால் செல்லம். அம்மா மகனைக் கூப்பிடுவது, கல்யாணமான புதிதில் பெண்சாதி வாய் தவறிக் கூப்பிடுவது. எனக்கு வயது முப்பத்தெட்டு. முன் மயிர் பின்வாங்கத் தொடங்கி இரண்டு வருடம். அப்படிப்பட்டவனை ஊர் பேர் தெரியாத பெண் ஒருவர் கண்ணா என்று கூப்பிட்டு, வெட்டலாம் என்று அனுமதியும் தருகிறார். அக்கா என்றதும் அவருக்கு ஏன் கோபம் வந்தது என்று யோசித்தேன். எனக்கு வேண்டிய விடை வந்தது.

இன்னொரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எப்படிக் கேட்பது? என்ன சொன்னீங்க, இன்னொருக்கா சொல்லுங்க என்றா? காதெல்லாம் சூடாகிப்போய் வீட்டுக்கு வந்தேன். வந்து தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவினேன்.

"எங்கயாச்சும் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"மரம் வெட்ட" என்றேன்.

"மரம் வெட்டவா தலை சீவுறீங்க?"

கத்தியைத் தேடி எடுத்தேன்.

மரம் வெட்டுவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. தோட்டத்தில் என் அப்பா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைச் சில வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையடிப்பதுதான் கவ்வாத்து. வெட்டிய மலையைப் பார்த்தால் நெருப்புப் பிடித்த இடம் மாதிரி இருக்கும். மூன்று மாதத்தில் பச்சைப் பசேலென்று கொழுந்து அடிக்கும். நானும் இரண்டு வருடம் அந்தக் கத்தி பிடித்தவன். வெட்டினால் தழைக்கும் என்பது எனக்குச் சாமி இருக்கிறது என்பதுபோல. யாரும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"திரும்ப வருமோ தம்பி?"

"மூணு மாசத்துல கொழுந்து எடுக்கலாம் அண்ணே."

"உனக்கு வடிவாத் தெரியுமோ?"

"கவ்வாத்து எங்க பரம்பரைத் தொழில் அண்ணே."

"அப்ப வெட்டு. அந்தச் சனமும் பாவம்" என்றார்.

நாலு நாள் வெட்டினேன். கால்கள் எல்லாம் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, சாய்வாக, ஒரே வெட்டு. அப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். வேலை முடிந்தபோது உவர் வரம்பு நெடுக யாரோ ஸ்டூல் போட்டு வைத்ததுபோல இருந்தது. தென்னங்காணியில் கொட்டில்கள் எழும்பின. ஆட்கள் எனக்குத் தேத்தண்ணீர் தந்தார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. அது மட்டும் இன்றைக்கும் பகிடியாக ஞாபகம் வருவதில்லை.

புரட்டாசியில் மழைத்தூறல் பார்த்து அண்ணன் கீழ் வயலில் விதை எறிந்தார். நான் தினமும் போய் ஸ்டூல்களைப் பார்த்தேன். கொழுந்து வரவில்லை. ஐப்பசியில் நெல் ஒரு சாண் வந்தது. கொழுந்து வரவில்லை. ஒருவேளை உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நினைத்து, கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் இரண்டு வாளி கொண்டுபோய் நாலைந்து மரத்துக்கு ஊற்றினேன். பிறந்ததிலிருந்து களப்புக்குள் நின்ற மரத்துக்கு வாளியில் தண்ணீர் ஊற்றிய ஆள் இலங்கையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"மண்ணு புதுசு அண்ணே. கொஞ்சம் பொறுக்கணும்" என்று அவரிடம் சொன்னேன்.

"மண் புதுசோ? களப்பு எப்ப தொடக்கம் இஞ்ச கிடக்குது" என்றார். ஆனாலும் பொறுத்தார்.

அப்படி ஒருநாள் காலை. அண்ணனும் நானும் வரம்பில் நிற்கிறோம், மனைவி சோறு கொண்டுவந்திருக்கிறாள். நண்டுக்காரப் பெண் தண்ணீருக்குள் வந்தார். பல கிழமை அவர் கடல் வாய்ப் பக்கம் இறாலுக்குப் போய்விட்டு அன்றைக்குத்தான் இந்தக் கரைக்கு வருகிறார். வந்தவர் நின்றார். ஒரு கட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். அடுத்ததைக் கீறினார்.

"உந்த மரத்தை ஆர் வெட்டினது?"

"நான்தாங்க" என்றேன். இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது.

"ஆர் சொல்லி?"

"நீங்கதான சொன்னீங்க!"

"நானோ? நான் எப்ப சொன்னனான்?"

"அன்னைக்கு… இதே எடத்துல… கண்ணா, வெட்டலாம்னு."

நான் அந்தச் சொல்லை எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் குழைந்து சொல்லியிருக்க வேண்டும். மனைவி சோற்றுப் பெட்டியை வரம்பில் வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"ஐயோ கடவுளே! கண்ணா எண்டது மரத்தையப்பா! உம்மையோ நான் கண்ணா எண்டு கூப்பிட்டன்?"

கரையில் நான் வெட்டிய வரிசை முடியும் இடத்துக்கு அப்பால், கொஞ்சம் தள்ளி நின்ற வேறு மரங்களைக் காட்டினார். சாம்பல் பச்சை இலை. அடியில் சேற்றுக்குள்ளிருந்து ஆணி குத்தி வைத்ததுபோல வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

"அங்க பாரும், அதுதான் கண்ணா. வெட்ட வெட்டத் தழைக்கும். ஆட்டுக்குக் குழை, அடுப்புக்கு விறகு. அதைத்தான் வெட்டச் சொன்னனான். நீர் வெட்டினது கண்டல். கண்டலை இலை இல்லாமல் மொட்டையடிச்சா அது அவ்வளவுதான், செத்துப்போம். நாங்கள் கண்டலில சுள்ளி மட்டும்தான் முறிக்கிறது. எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"எங்க ஊர்ல தெரியாதுங்க" என்றேன்.

"உங்கட ஊரில கண்ணா எண்டால் என்ன?"

மனைவிதான் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "செல்லமாக் கூப்பிடுறதுங்க அக்கா. அதான் இவரு அன்னைக்கு எண்ணெ வச்சுத் தலை சீவிட்டு மரம் வெட்ட வந்தாரு."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் களப்பில் நின்ற கொக்குகள் பறந்தன. மனைவியும் சிரித்தாள், ஆனால் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதவர் அண்ணன் ஒருவர்தான். அவர் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி" என்றார். "இது செத்துப்போனால் என்ன?"

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் வரம்புக்குக் கிட்ட வந்தார். குரல் வேறு குரலாக இருந்தது.

"அண்ணை, கார்த்திகை கடைசியில வாடை தொடங்கும். களப்புத் தண்ணியை அள்ளி இந்தக் கரையிலதான் அடிக்கும். இவ்வளவு காலமும் அந்த அடியை வாங்கினது கண்டல். உங்கட வரம்புக்கு வந்து சேர்ந்தது நுரை மட்டும்தான். இனி வரம்புதான் அடி வாங்கவேணும். மண் வரம்பு எத்தினை நாளைக்கு நிக்கும்? போன வருசம் கடல் வாய் அகலமா வெட்டுப்பட்டது. தண்ணியும் இப்ப முந்தின மாதிரி இல்லை, உப்பும் கூடிப்போச்சு."

அண்ணன் திரும்பி நெல்லைப் பார்த்தார். ஒரு சாண் நெல். பிறகு என்னைப் பார்த்தார். அவர் ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சரி. என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டார். அதுவும் என்னிடமில்லை, அந்தப் பெண்ணிடம்.

செய்யக்கூடியது ஒன்று இருந்தது. அவர்களுடைய ஆட்கள் படகுத் துறையைக் காக்கச் செய்கிற வேலை. வரம்புக்கு முன்னால் தண்ணீருக்குள் கம்புகளை இரண்டு வரிசையாக இறுக்கி, நடுவில் அலம்பலைக் கட்டுக் கட்டாகத் திணிப்பது. அலம்பல் என்றால் இலையோடும் சுள்ளியோடும் வெட்டிய கிளை. அலை உள்ளே போய்ச் சிக்கிச் சோர்ந்துவிடும். மண்ணும் அங்கேயே படியும். மரம் செய்த வேலையை அரைகுறையாகவாவது செய்யும்.

கம்புக்கு எங்கே போவது? எனக்கு ஒரே யோசனைதான் வந்தது. நான் கொடுத்த கம்பு. அன்று பின்னேரமே தென்னங்காணிக்குப் போனேன். முதல் கொட்டிலில் ஒரு பெண் இருந்தார். விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "ஓம், உங்கட கம்புதானே, எடுங்கோ" என்றார். எழுந்து, குறுக்குக் கம்பில் சேலையால் கட்டியிருந்த ஏணையை அவிழ்க்கப் போனார். உள்ளே குழந்தை படுத்திருந்தது.

"வேணாங்க, வேணாங்க, சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். பெடலில் கால் வழுக்கி முட்டி உரசியது. நல்லதாய்ப் போயிற்று. வீட்டில் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்குக் காட்ட ஒரு காயம் இருந்தது.

மறுநாள் நண்டுக்காரப் பெண் எங்களைக் கண்ணா நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். ஆணி வேரை மிதிக்காமல் நடக்கச் சொல்லித் தந்தார். "அதாலதான் மரம் மூச்சு விடுறது. உம்மட மூக்கில ஆரும் ஏறி நிண்டா நீர் என்ன செய்வீர்?" ஒரு மரத்தில் ஒரு பக்கத்துக் கிளை மட்டும்தான் வெட்டலாம். மற்றப் பக்கம் அடுத்த வருடத்துக்கு. தடித்த கிளை கம்புக்கு, மெல்லியது அலம்பலுக்கு. நான் கத்தியை ஓங்கும் ஒவ்வொரு தடவையும் மனைவி, "கேட்டுட்டு வெட்டுங்க" என்றாள். கேட்டுவிட்டே வெட்டினேன். இரண்டு பெண்களும் நாலு நாளில் சொந்த அக்கா தங்கச்சி மாதிரி ஆகிவிட்டார்கள். அவர்களுக்குச் சேர்ந்து சிரிக்க ஒரு பொருள் கிடைத்திருந்தது.

"உங்களுக்கு எங்களால எவ்வளவு வேலை" என்று ஒருநாள் சொன்னேன்.

"உமக்காக எண்டு நினைக்காதேயும்" என்றார். "கண்டல் காலுக்குள்ளதான் நண்டு இருக்கிறது. இந்தக் கரை என்ர கரை. என்ர அம்மாவும் இஞ்சதான் பிடிச்சவா. இப்ப வந்து பாக்கிறன், ஒரு நண்டு இல்லை."

அதுவரை அண்ணனின் வயலைப் பற்றித்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் நண்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவரும் நாலு நாள் அதைச் சொல்லாமல்தான் அலம்பல் கட்டியிருக்கிறார்.

தென்னங்காணி ஆட்களும் வந்து கட்டினார்கள். ஆனாலும் வடக்கு மூலையில் இருபது பாகம், நூற்றிருபது அடி போல, அலம்பல் போதாமல் நின்றுவிட்டது. இதற்கு மேல் கண்ணாவையும் வெட்டக்கூடாது என்று நண்டுக்காரப் பெண் தடுத்துவிட்டார். "இதையும் மொட்டையடிச்சால் பேந்து என்னத்தைக் கொண்டு கட்டுவியள்?"

வாடை சொன்ன நேரத்துக்கு வந்தது. முதல் இரண்டு நாள் அலம்பல் வேலி நன்றாகத் தாங்கியது. அலை வந்து முட்டி, வேலிக்குள் நுழைந்து, களைத்துப்போன ஆள் மாதிரி மறுபக்கம் வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், மழைக்குள், வடக்கு மூலையில் வரம்பு கரையத் தொடங்கியது. நாங்கள் மண் போடப் போட அலை எடுத்துக்கொண்டு போயிற்று. பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கதவு அகலத்துக்கு வாய் திறந்தது. உப்புத் தண்ணீர் நெல்லுக்குள் வந்தது.

அண்ணன் அந்த இடத்தில் நின்றபடி கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருநாள்தான். "தம்பி, மேல் வயலைத் திற! மழைத் தண்ணி முழுக்க இறங்கட்டும். உப்பை மேல ஏற விடாதே!"

சும்மா கிடந்த மேல் வயலில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர் நின்றது. ஓடிப்போய் மேல் வயல் வரம்பை வெட்டிவிட்டேன். நல்ல தண்ணீர் கீழே பாய்ந்தது. ஆனால் அது பாய்ந்து எங்கே போகும்? உப்பும் நல்லதும் கலந்து வயலுக்குள்ளேயே நிற்கிறது. அப்போது என் மனைவி, களப்போரத்திலிருந்து எட்டுப் பத்து அடி உள்ளே, நெல்லுக்கு நடுவில், உவர் வரம்புக்கு இணையாக மண்வெட்டியைப் போட்டு ஒரு கோடு இழுத்தாள்.

"என்னாங்க பாத்துட்டு நிக்கிறீங்க? கான் வெட்டுங்க!"

தோட்டத்தில் மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல், மலைக்குக் குறுக்கே வெட்டும் வாய்க்காலைக் கான் என்போம். வெட்டிய மண்ணை ஒரு பக்கமாகப் போட்டால் அது ஒரு அணை. கவ்வாத்தைப் போல இதுவும் மலையில் படித்ததுதான். வித்தியாசம், இது அவளுக்கு ஞாபகம் வந்தது. அண்ணன் தன் நெல்லைத் தானே மிதித்துக்கொண்டு வந்து, கான் போக வேண்டிய வழியில் பயிரைப் பிடுங்கி எறிந்தார். ஒரு பிடி பிடுங்கும்போதும் அவர் கீழே பார்க்கவில்லை. தென்னங்காணி ஆட்களும் ஓடிவந்தார்கள். மண்வெட்டி இல்லாதவர்கள் கையாலும் சட்டியாலும் மண் அள்ளினார்கள். பின்னேரம் ஆவதற்குள் வயலுக்கு உள்ளே ஒரு கானும் ஒரு புது அணையும் எழும்பின. உப்புத் தண்ணீர் கானுக்குள் இறங்கி, தெற்கு மூலையில் வரம்பில் வெட்டிவிட்ட வாயால் திரும்பக் களப்புக்கே போயிற்று. புது அணைக்கு மேற்கே மழைத் தண்ணீர் நின்றது.

புது அணைக்குக் கிழக்கே நின்ற நெல் ஒரு கிழமையில் சிவந்து செத்தது. மேற்கே, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் அடித்தது, மற்றது பிழைத்தது. மாசியில் அரிவு வெட்டினோம். நல்ல விளைச்சல் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் முதலில் விதைக்கு என்று சாக்குகளை ஒதுக்கிக் கட்டினார். மிச்சத்தை இரண்டாகப் பிரித்தார். எங்கள் பாதியில் ஒரு பிடியும் குறைக்கவில்லை. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "நெல்லைத் தூக்கு தம்பி, கதையைப் பேந்து பாப்பம்" என்றார்.

அரிவு முடிந்தபின் உடைந்த உவர் வரம்பைத் திரும்பக் கட்டவேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை அண்ணன் பழைய வரம்பிலிருந்து புது அணை வரை காலடி வைத்து அளந்தார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தார். திரும்பி வந்து, "இதை விடுவம்" என்றார்.

"எதை அண்ணே?"

"இந்தத் துண்டை. பழைய வரம்பு அங்க நிக்கட்டும், உடையிறது உடையட்டும். இனி இதுதான் வரம்பு. இடையில கண்டல் நிக்கட்டும்."

அந்தத் துண்டு பெரிதில்லை. ஆனால் ஒரு கமக்காரன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது லேசில்லை. அது அவர் மனைவியின் காணி வேறு. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தேன். செருப்பில்லாத கால், சேறு காய்ந்து வெடித்திருந்தது.

செய்தி எப்படியோ தெற்குக் கரைக்குப் போயிற்று. இரண்டு நாள் கழித்து ஒரு சாக்கு நிறையக் கண்டல் காய் வரம்பில் கிடந்தது. நண்டுக்காரப் பெண் விடியவே கொண்டுவந்து போட்டுவிட்டு, பார்த்து நடச் சொல்லி என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நீளமாக, முருங்கைக்காய் மாதிரி, கொஞ்சம் தடிப்பாக. அண்ணனும் நானும் ஆளுக்கொன்றை எடுத்தோம். ஒரு முனை கூராக இருந்தது. மறு முனையும் ஏறக்குறைய கூராகத்தான் இருந்தது.

"எந்தப் பக்கம் கீழ?" என்றார் அண்ணன்.

"இந்தப் பக்கம்னு நெனக்கிறேன் அண்ணே."

"நீ நினைக்காதே."

நின்றோம். இருவருக்கும் சேர்த்து நூறு வயதுக்கு அருகில். கையில் காயை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"போய்க் கேட்டுக்கொண்டு வா" என்றார்.

"நீங்களும் வாங்க அண்ணே. நான் தனியாப் போனா வீட்டுல மண்வெட்டி எடுப்பாங்க."

அண்ணன் சிரித்தார். ஆவணிக்குப் பிறகு அவர் சிரித்து நான் கண்டது அப்போதுதான். இருவரும் ஒரே சைக்கிளில், அவரை முன் பாரில் ஏற்றிக்கொண்டு, தெற்குக் கரைக்குப் போனோம். அந்தப் பெண் நண்டுக்குக் கால் கட்டிக்கொண்டிருந்தார். காயை நீட்டினோம். எதைக் கேட்க வந்தோம் என்று தெரிந்ததும் கட்டிய நண்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எங்களோடு வந்தார். நடந்துதான் வந்தார். எங்கள் சைக்கிளில் ஏற அவருக்குப் பைத்தியமா?

"இந்தக் கூர் முனை கீழ. இஞ்ச, மொட்டு மாதிரி இருக்குப் பாருங்கோ, இது மேல. மூண்டில ஒரு பங்கு சேத்துக்குள்ள போனால் போதும். ஆழத் தள்ளாதேங்கோ, மூச்சு முட்டும்."

முதல் காயை அண்ணன் நட்டார். செத்த நெல்லின் தாள்கள் இன்னும் நின்றன. அவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டுக் குனிந்தார். "நெல்லை எறிஞ்சுதான் எனக்குப் பழக்கம்" என்றார் யாருக்கென்றில்லாமல். "இந்த வயலில ஒண்டொண்டாக் குனிஞ்சு நட்டது இல்லை."

இரண்டு வரிசை நட்ட பிறகு நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, இது வளர்ந்து அலையைத் தாங்க எவ்வளவு காலம் எடுக்கும்?"

"நல்லா வந்தால் ஏழெட்டு வருசம் அண்ணை. நண்டு வர அதுக்கு முந்தியே வந்திடும்."

அவருக்கு அப்போது அறுபது. களப்பைப் பார்த்தார். அன்றைக்கு அது சாதுவாகக் கிடந்தது.

"அப்ப ஏழு வருசத்துக்கு அலம்பல் கட்டவேணும்" என்றார். "தம்பி, அடுத்ததைத் தா."

நான் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்தேன். கூர் முனை எது என்று ஒருதரம் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.